பெட்டியில் இல்லாத லாபம்

ஒரு ரொட்டியைக் கையில் வாங்கிய மாத்திரத்தில் அதன் எடையைச் சொல்லிவிடுவார் ஆதம். தராசு ஏமாற்றினாலும் ஏமாற்றும், ஆதமின் கை ஏமாற்றாது என்று மூவார் கடைத்தெருவில் ஒரு பேச்சே உண்டு. அப்படிப்பட்டவருக்குக் காகிதத்தில் எழுதிய கணக்கு மட்டும் ஒத்துவராது. நோட்டைத் திறந்தாலே கண்ணில் மாவு விழுந்தது போல இமையைக் கசக்கத் தொடங்கிவிடுவார். ரொட்டி சுடுவது தன் வேலை, எழுதுவது முஸ்தபாவின் வேலை என்று தொடக்கத்திலேயே விட்டுவிட்டார்.

இருவருக்கும் சொந்த ஊர் அதிராம்பட்டினம். ஆனால் ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆதம் 1913-இல் கப்பல் ஏறி, சிங்கப்பூரில் ஒரு ரொட்டிக் கிடங்கில் ஒன்பது வருஷம் மாவு பிசைந்தார். முஸ்தபா அவரைவிட ஆறு வயது இளையவர். ஜொகூர் பாருவில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ரொட்டி விற்றவர். ஒரு நோன்புப் பெருநாள் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரு, தெருமுனைக் கிணறு எல்லாம் ஒன்றென்று தெரிந்தது. அன்றிலிருந்து முஸ்தபா அவரை ஊர் வழக்கப்படி "காக்கா" என்று அண்ணன் முறையில் கூப்பிட ஆரம்பித்தார். ஆளுக்கு இருநூறு வெள்ளி முதல் போட்டு 1923-இல் மூவார் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் அடுப்போடு கடை திறந்தார்கள்.

அந்த முதல் மூன்று வருஷங்களை நினைத்தால் ஆதமுக்குப் பின்னாளிலும் நெஞ்சு இளகிவிடும். ரப்பர் விலை ஏறி, மரம் சீவுகிற ஆள்கூடச் சட்டைப்பையில் காசு குலுங்க நடந்த காலம் அது. பாரிட் ஜாவா போகும் சின்ன ரயிலுக்கு நிற்கிறவர்கள் வழியில் சூடாக ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு போவார்கள். சீனர் காப்பிக் கடைகளுக்கு நூறு நூறாகப் போகும். வேலை ஓய்ந்த முற்பகலில் ஆதமும் முஸ்தபாவும் கடைக்குப் பின்னால் இருந்த பலகையில் உட்கார்ந்து, உடைந்த ரொட்டிகளைக் கறுப்புக் காப்பியில் தோய்த்துத் தின்பார்கள். ஆற்றில் விறகுப் படகுகள் நிற்கும். முஸ்தபா ஊர்க் கதை சொல்வார், ஆதம் சிரித்துச் சிரித்துப் புரையேறுவார். அப்போது பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று ஒருவரும் எண்ணவில்லை. வேண்டியபோது கையை விட்டால் காசு அகப்பட்டது, அது போதும் என்று இருந்துவிட்டார்கள்.

1928-ஆம் வருஷக் கடைசியில் ஊரிலிருந்து ஆதமின் மனைவி சபீதாவின் கடிதம் வந்தது. மகள் மீரா பீவிக்கு மாப்பிள்ளை பேசி முடித்தாகிவிட்டது, மாசி மாதம் கல்யாணம், கையில் முந்நூறு வெள்ளியோடு வந்து சேருங்கள் என்று எழுதச் சொல்லியிருந்தாள். ஆதம் ஊருக்குப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. மகளை அவர் கடைசியாகப் பார்த்தபோது அவள் பாவாடை தடுக்கி விழும் வயது.

முஸ்தபா படித்துக் காட்டிய கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஆதம் அவரிடம் கேட்டார். "தம்பி, இந்த வருஷம் நமக்கு என்ன நின்னுச்சு?"

முஸ்தபா ஏற்கெனவே கூட்டி வைத்திருந்தார். நோட்டைப் புரட்டி உற்சாகமாகவே சொன்னார். "எழுநூத்தி இருவது வெள்ளி லாபம், காக்கா! ஆளுக்கு முந்நூத்தி அறுவது."

ஆதமுக்குக் கப்பல் கண்ணுக்குத் தெரிந்தது. "அல்ஹம்துலில்லாஹ். அப்ப என் பங்கக் குடு. திங்கக்கிழமை டிக்கெட் எடுத்துர்றேன்."

முஸ்தபா பெட்டியைத் திறந்தார். இருவரும் எண்ணினார்கள். முப்பத்தொன்பதரை வெள்ளி இருந்தது.

"மிச்சம்?"

"இதான் காக்கா இருக்கு."

"எழுநூத்தி இருவதுன்னு இப்பத்தான சொன்ன?"

"நோட்டுல அப்படித்தான் வருது. நான் ரெண்டு தடவ கூட்டிப் பாத்தேன்." முஸ்தபா பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். விற்ற ரொட்டியின் விலை எழுதியிருந்தது. அதற்கு ஆன மாவு, சர்க்கரை, விறகு, கூலி எல்லாம் எழுதிக் கழித்திருந்தது. தப்பு எங்கேயும் தெரியவில்லை. அவர் முகம் வெளிறியது. அவருக்கே விளங்காததை அடுத்தவருக்கு எப்படி விளக்குவார்?

அந்த வெளிறலைத்தான் ஆதம் தப்பாகப் படித்தார். சுவரில் சாய்த்து வைத்திருந்த புதுச் சைக்கிள் கண்ணில் பட்டது. மாவு பிசையும் ஐயாசாமி வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொட்டி வாங்க வந்த இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். அவர்கள் எல்லாரும் கேட்க ஆதம் சொன்னார்:

"நோட்டுல இருக்கு, பெட்டில இல்லேன்னா நடுவுல யாரோ திருடியிருக்கான். பெட்டிச் சாவி என்கிட்ட இல்ல."

முஸ்தபா இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து மாவுத் தொட்டியின் மூடிமேல் வைத்தார். நோட்டையும் அதன் பக்கத்தில் வைத்தார். சைக்கிளைத் தொடாமல் நடந்தே போய்விட்டார்.

மறுநாள் முற்பகல் கெர்ட்ரூட் அம்மாள் விறகுப் பாக்கி கேட்டு வந்தார். மலாக்காவில் பிறந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். கணவர் கேப்ரியல் விஷக் காய்ச்சலில் இறந்த பிறகு, அவர் நடத்திய விறகுக் கொட்டடியைத் தானே எடுத்து நடத்தியவர். சதுப்பு நிலத்தில் வளரும் பாக்காவ் மரக் கட்டைகளைப் படகில் வரவழைத்து, மூவாரில் பாதிக் கடைகளுக்கு அவர்தான் கொடுத்தார். வெள்ளைச் சேலை, கையில் கறுப்புக் குடை, கக்கத்தில் ஒரு நீள நோட்டு. கடன்காரர்கள் அந்த நோட்டுக்குப் பயப்படுவார்கள்.

"தொண்ணூத்தாறு வெள்ளி ஆச்சு, ஆதம் பாய். முஸ்தபா பாய் எங்க?"

ஆதம் நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது ஆத்திரம் மறுபடி ஏறியது. அம்மாள் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு ஒரு மாவு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"அந்த நோட்ட இப்படிக் குடுங்க."

"உங்களுக்கு எதுக்கும்மா இந்தத் தொல்ல?"

"என் காசு தொண்ணூத்தாறு வெள்ளி இதுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு, தெரியுமா? அதுக்காகத்தான். திருட்டா இல்லையான்னு அப்புறம் பேசலாம். மொதல்ல காணாமப் போனத தேடுவோம்லா."

அடுப்பு வாயிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு, மாவுத் தொட்டியின் மூடியில் நடுவே ஒரு கோடு கிழித்தார். நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார். "போன வருஷம் இதே நாள்ல பெட்டில அம்பத்தஞ்சு வெள்ளி இருந்திருக்கு, யாருக்கும் பாக்கியும் இல்ல. சரிதானா?"

"இருக்கும்."

கோட்டின் இடப்பக்கம் 55 என்று எழுதினார். அதன்கீழ் 720. "எனக்கு நீங்க குடுக்க வேண்டிய தொண்ணூத்தாறு இன்னும் குடுக்கல. மாவு குடுக்குற தவுக்கேக்கு எவ்வளவு பாக்கி?"

"நூத்தி இருவத்தி நாலு."

"குடுக்காத காசும் உங்க கைலதான இருந்திருக்கணும்? அதையும் சேக்கணும்." கூட்டினார். "மொத்தம் தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தஞ்சு."

ஆதம் பதறிப்போனார். "அலமாக்! அப்ப நான் நெனச்சதவிட கூடல்ல காணாமப் போயிருக்கு!"

அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "பதறாதீங்க. இப்பத்தான் தேடவே ஆரம்பிக்கிறோம். நான் எது மேல உக்காந்திருக்கேன்?"

"மாவு மூட்ட."

"எத்தன மூட்ட இருக்கு? எண்ணுங்க."

ஆதம் எண்ணினார். நாற்பத்தாறு. போன வருஷம் இதே நாளில் பத்துதான் இருந்தது என்று நோட்டு சொன்னது. விலை ஏறப்போகிறது என்று அந்தச் சீன மாவு முதலாளி சொன்னதைக் கேட்டு முஸ்தபா வாங்கி அடுக்கியது, ஆதமும் சரி என்று தலையாட்டியது, அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முப்பத்தாறு மூட்டை கூடுதல், மூட்டை நான்கு வெள்ளி. காசு போன கணக்காகக் கோட்டின் வலப்பக்கம் 144 ஏறியது.

"இந்தப் பெரிய அடுப்பு எப்பக் கட்டினது?"

ஆதம் திரும்பிப் பார்த்தார். இரும்புக் கதவு போட்ட இரண்டாவது அடுப்பு. கட்டி முடிந்த அன்று ஊரையே கூப்பிட்டுக் காட்டியவர் அவர்தான். "ஆடி மாசம். எரநூத்தி அறுவது ஆச்சு," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"அந்தச் சைக்கிளு?"

"அது அவன்..." என்று தொடங்கியவர், பின்னால் தகரப்பெட்டி கட்டியிருப்பதைப் பார்த்து நிறுத்தினார். அது தோட்டங்களுக்கு ரொட்டி கொண்டுபோகிற சைக்கிள். அறுபத்திரண்டு வெள்ளி.

அடுத்தது பற்றுப் பக்கங்கள். காப்பிக் கடைகள், தோட்டத்துக் கடைகள், கடனாக ரொட்டி வாங்கிக்கொண்டு பிறகு தருகிறேன் என்ற தோட்டத்து எழுத்தர்களான கிராணிகள். போன வருஷம் வெளியே நின்ற கடன் தொண்ணூறு வெள்ளி, இப்போது நானூற்றெட்டு. ரொட்டி போய்விட்டது, முஸ்தபா அதை விற்றதாக எழுதிவிட்டார், காசு மட்டும் இன்னும் வரவில்லை. கூடிய கடன் முந்நூற்றுப் பதினெட்டும் வலப்பக்கம் ஏறியது.

கடைசியாக அம்மாள் நோட்டின் பின்னட்டைக்குள் இருந்த ஒரு தனித்தாளை எடுத்தார். மாதாமாதம் எழுதியிருந்தது. ஒரு வரிசையின் தலைப்பில் "மு", இன்னொன்றில் "ஆ".

"இந்த 'ஆ' யாரு?"

ஆதம் எட்டிப் பார்த்தார். மாதம் எட்டு வெள்ளி, பன்னிரண்டு தடவை. "அது நான் வீட்டுக்கு அனுப்பின காசு."

"எங்கேருந்து எடுத்து அனுப்பினீங்க?"

ஆதம் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பெட்டியிலிருந்துதான். ஒவ்வொரு மாதமும் அவரே கேட்டு, முஸ்தபா எடுத்துக் கொடுத்தது. தொண்ணூற்றாறு வெள்ளி. முஸ்தபா தனக்கென்று எடுத்தது எழுபத்து நான்கு.

அம்மாள் வலப்பக்கத்தைக் கூட்டினார். தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கு. இடப்பக்கத்திலிருந்து கழித்தார். "நாப்பத்தொன்னு இருக்கணும். பெட்டில எவ்வளவு?"

"முப்பத்தொம்பதர."

"ஒன்னர வெள்ளி குறையுது." கரித்துண்டை அடுப்பில் எறிந்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தார். "உங்க கூட்டாளி வருஷம் பூரா திருடியிருந்தா, ஒன்னர வெள்ளிக்கு மேல திருடியிருக்க முடியாது, ஆதம் பாய்."

ஐயாசாமி பிசைவதை நிறுத்தியிருந்தார். ஆதம் அந்த மூடியில் கரியால் எழுதிய எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார். திருடனைத் தேடிக்கொண்டு போனவர், வழியெல்லாம் தன் கைரேகையைத்தான் பார்த்தார். தான் தலையாட்டி வாங்கிய மாவு, தான் ஆசைப்பட்டுக் கட்டிய அடுப்பு, தன் வீட்டுக்குத் தானே அனுப்பிய காசு.

"ஐயாசாமி, நேத்து நான் சொன்னது தப்பு," என்றார் கடைசியில்.

"எங்கிட்ட சொல்லி என்னாங்க செய்ய?" என்றார் ஐயாசாமி. அவர் சொன்னது நியாயம்தான்.

அம்மாள் இன்னும் எழுந்திருக்கவில்லை. பற்றுப் பக்கத்தில் மூன்று பெயர்களை விரலால் காட்டினார். "இன்னொன்னும் சொல்லிர்றேன். இவன் போன மாசமே கடையப் பூட்டிட்டு ஓடிட்டான். இவங்க ரெண்டு பேரும் எனக்கே ரெண்டு வருஷமா குடுக்கல. இந்த நூத்தி நாப்பது உங்களுக்கு வராது. புது அடுப்பும் சாகுறவரைக்கும் நிக்காது, வருஷத்துக்கு ஒரு அறுவது வெள்ளி தேயும். ரெண்டையும் கழிச்சுப் பாத்தா லாபமே ஐநூத்தி இருவதுதான். வராத காச லாபம்னு சொல்லிச் சந்தோஷப்பட்டுட்டு, அது காணலேன்னு சண்டையும் போட்டிருக்கீங்க."

ஆதம் ஊருக்குப் போகவில்லை. கொஞ்சம் மாவை விற்று, தேறிய கடனை வசூலித்து, நூற்றிருபது வெள்ளி அனுப்பி வைத்தார். மீரா பீவியின் கல்யாணம் அவர் இல்லாமலே நடந்தது. அன்று அவர் வழக்கம்போல மாவு பிசைந்தார். ரொட்டியில் உப்புக் கூடிவிட்டது என்று மறுநாள் மூன்று கடைக்காரர்கள் குறை சொன்னார்கள்.

முஸ்தபா சிம்பாங் ரெங்கத்தில், ருக்னுதீன் என்ற தூரத்து உறவினரின் சாப்பாட்டுக் கடையில் இருப்பதாகத் தகவல் வந்தது. கெர்ட்ரூட் அம்மாளிடம் ஒரு தாள் எழுதி வாங்கிக்கொண்டு ஆதம் மோட்டார் பஸ் ஏறினார். பத்து பகாட் என்ற ஊரில் ஆற்றைக் கடந்து, இன்னொரு பஸ் மாறி, இரண்டு பக்கமும் ரப்பர் மரம் நெருக்கும் செம்மண் பாதையில் குலுங்கிப் போய்ச் சேரும்போது பிற்பகல். கடையில் எட்டுப் பத்துப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முஸ்தபா தோளில் துண்டோடு தட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

பின்பக்கம் கூட்டிப்போய்ப் பேசலாம் என்று ருக்னுதீன் சொன்னார். ஆதம் மறுத்துவிட்டார். "நாலு பேர் கேக்கச் சொன்னத நாலு பேர் கேக்கத்தான் திருப்பி எடுக்கணும்," என்றார். பிறகு முஸ்தபாவைப் பார்த்துச் சொன்னார். "நீ திருடல. கணக்குப் பாத்தாச்சு. எல்லாம் கடைக்குள்ளயே இருக்கு. பாதி நான் எடுத்தது. என்ன மன்னிச்சிரு தம்பி."

சாப்பிடுகிறவர்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள். முஸ்தபா தட்டுகளை இறக்கி வைத்தார்.

"கணக்குப் பாத்தப்புறம் தெரிஞ்சிருச்சு, சரி காக்கா. கணக்கு ஒத்துவராம இருந்திருந்தா?"

அந்தக் கேள்வி சரியானது என்பது ஆதமுக்குத் தெரிந்தது. தாளை நீட்டினார். அதில் கணக்குப் பார்த்த அன்று கடையில் இருந்ததெல்லாம் விலை போட்டு எழுதியிருந்தது: மாவு, வரக்கூடிய கடன், இரண்டு அடுப்பு, சைக்கிள், பெட்டிக் காசு, ஆக எண்ணூற்று நாற்பத்தாறரை வெள்ளி. கொடுக்க வேண்டிய இருநூற்றிருபது போக மிச்சம் அறுநூற்று இருபத்தாறரை. அதில் பாதியோடு, ஆதம் கூடுதலாக எடுத்த இருபத்திரண்டு வெள்ளியில் பாதியும் சேர்த்து, முஸ்தபாவின் பங்கு முந்நூற்று இருபத்து நான்கு வெள்ளி இருபத்தைந்து காசு.

"இது உன்னோடது. நீ கடைக்கு வந்தாலும் உன்னோடது, வராட்டியும் உன்னோடது."

முஸ்தபா அந்தத் தாளை நெடுநேரம் படித்தார். கணக்கைச் சரிபார்க்கிறார் என்று ஆதம் நினைத்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "நான் வரமாட்டேன் காக்கா. பங்க அனுப்பிருங்க. சாப்பிட்டுப் போங்க." அவரே இலை போட்டுப் பரிமாறினார்.

மாதம் பதின்மூன்றரை வெள்ளி, இருபத்து நான்கு மாதம் என்று தீர்மானம் ஆயிற்று. ஆதம் தபாலாபீசில் பணம் கட்டி அனுப்புவார். முதல் மாதங்களில் "பணம் கிடைத்தது. முஸ்தபா" என்று ஒரே வரி வரும். ஆதம் அதற்காகவே எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினார். ஆறாம் மாதத்தில் "இங்கே நல்ல மழை" என்று ஒரு வரி கூடியது. பத்தாம் மாதத்தில் "பெரிய அடுப்பின் கதவு இன்னும் இறுகுகிறதா? எண்ணெய் போடவும்" என்று வந்தது. அந்தக் கடிதத்தை ஆதம் ஐயாசாமியிடம் மூன்று தடவை படித்துக் காட்டினார்.

இதற்கிடையில் ரப்பர் விலை சரிந்தது. தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன. குடும்பம் குடும்பமாக மூட்டை முடிச்சோடு கப்பலுக்குப் போனார்கள். கடன் கொடுத்த கடைகள் ஒவ்வொன்றாகப் பலகை போட்டு மூடின. ஆதம் அதற்கு முந்தைய வருஷமே கடனை நிறுத்தியிருந்தார். வாசலில் ஒரு கற்பலகை மாட்டி, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதிவைத்தார். ஐந்து வெள்ளி தாண்டினால் ரொட்டி கிடையாது. அதற்காக ஊர் அவரைக் கஞ்சன் என்றது. சனிக்கிழமைதோறும் மூட்டை எண்ணி, பெட்டி எண்ணி, கடன் கூட்டி, தானே நோட்டில் எழுதினார். இருந்தும் இரண்டு மாதம் முஸ்தபாவுக்குப் பணம் அனுப்ப முடியவில்லை. "எனக்கு அவசரமில்லை. மாவுக்காரருக்கு முதலில் கொடுங்கள்" என்று பதில் வந்தது. 1931 வைகாசியில் கடைசித் தவணையை, மேலே இருபத்தைந்து காசும் சேர்த்து அனுப்பி முடித்தார். கடன் தீர்ந்த நிம்மதி அவருக்கு வரவில்லை. இனி மாதாமாதம் கடிதம் வராதே என்ற ஏக்கம்தான் வந்தது.

கடிதம் நிற்கவில்லை. அடுத்த வருஷம் ஆளே வந்து நின்றார். ருக்னுதீன் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். முஸ்தபாவுக்கு வேலை இல்லை.

"கூட்டாளியா வரல, காக்கா. தெனம் ரொட்டி எடுத்துட்டுப் போய் வித்துட்டு, அன்னக்கிக் காச அன்னக்கே குடுத்துர்றேன். நூத்துக்குப் பத்து ரொட்டி எனக்கு. சம்மதமா?"

"சைக்கிள் அங்கதான் நிக்கிது. எடுத்துக்க," என்றார் ஆதம்.

ஐந்து வருஷம் அப்படி ஓடியது. தினமும் நண்பகலுக்கு முன் முஸ்தபா காசை எண்ணி வைப்பார், ஆதம் அவர் எதிரிலேயே எண்ணி எழுதுவார். எண்ணாமல் வாங்கினால் முஸ்தபா விடமாட்டார். எண்ணி முடிந்த பிறகுதான் இருவருக்கும் காப்பி வரும், பேச்சும் வரும். பழைய சிரிப்பு முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் வந்த சிரிப்பில் பயம் கிடையாது. கெர்ட்ரூட் அம்மாள் விறகுக் காசுக்கு வந்தால், பாக்கி இல்லாத அதிசயத்தைப் பார்த்து, "உங்கள மாதிரி ரெண்டு கடை இருந்தா நான் நோட்டயே தூக்கிப் போட்டுருவேன்," என்பார். 1935-இல் அவர் கொட்டடியை விற்றுவிட்டுத் தம்பி வீட்டோடு மலாக்காவுக்குப் போனபோது, ஆதம் ஒரு கூடை நிறைய ரொட்டியோடு வழியனுப்பப் போனார்.

1937-இல் முஸ்தபா ஊரோடு போய்விட முடிவு செய்தார். இருமல் விடவில்லை, மருந்து எழுதிக்கொடுத்தவர் ஊர்க் காற்றுப் படட்டும் என்றார். பஸ் நிற்கும் இடத்தில் தகரப் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய துணிமுடிச்சை எடுத்தார்.

"நேத்து சாயங்காலம் வித்த ரொட்டிக் காசு. ரெண்டு வெள்ளி முப்பது காசு."

வேண்டாம், வழிச் செலவுக்கு வைத்துக்கொள் என்று சொல்ல ஆதமுக்கு நா துடித்தது. சொல்லவில்லை. முடிச்சை அவிழ்த்து, அவர் பார்க்கப் பார்க்க உள்ளங்கையில் ஒவ்வொரு காசாக எண்ணினார்.

"சரியா இருக்கு," என்றார்.

முஸ்தபா தலையசைத்தார். பிறகு ஒரு கையால் ஆதமின் தோளைப் பிடித்து அழுத்திவிட்டுப் பஸ்ஸில் ஏறினார். பஸ் பத்து பகாட் பாதையில் திரும்பி மறையும்வரை ஆதம் வெயிலில் நின்றார்.

கடைக்குத் திரும்பியபோது ஐயாசாமி மாவைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"ஏறிட்டாருங்களா?"

"ஏறிட்டான். சன்னல் ஓரமா எடம் கெடச்சிருச்சு," என்றார் ஆதம். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மாவு பிசைய உட்கார்ந்தார்.